உலோக டிராகனின் இறக்கை ஏன் நிற்க மாட்டேன் என்கிறது?

கேள்வி: சின்னப் பொம்மைகளை வைத்து ஆடும் வார்ஹேமர் என்ற போர் விளையாட்டை விளையாடும் நண்பர் ஒருவரிடம் பழைய உலோக டிராகன் மினியேச்சர் வாங்கினேன். உடல் இரண்டு பாதி, இறக்கைகள், தலை, வால் எல்லாம் தனித்தனி. ஃபெவிக்விக் போட்டதில் உடல் நன்றாக ஒட்டிக்கொண்டது. இறக்கைகள் மட்டும் ஓரிரு நாளில் விழுந்துவிடுகின்றன. ஒவ்வொரு தடவையும் பசையைக் கூட்டிப் பார்த்துவிட்டேன். பிளாஸ்டிக் மாடலுக்கான பசை வாங்கலாமா, இல்லை சால்டரிங் செய்துவிடலாமா? (சென்னை வாசகர்)

பதில்: இரண்டும் வேண்டாம். பிளாஸ்டிக் மாடல் பசை பாலிஸ்டைரீனின் மேற்பரப்பைக் கரைத்து, இரண்டு துண்டுகளையும் ஒன்றாக உருக்கிவிடும். உலோகத்தில் அது கரைக்க எதுவுமில்லை. காய்ந்த பிறகு உரித்தால் தோலாக வந்துவிடும். சால்டரிங் அதைவிட ஆபத்து. இந்தப் பொம்மைகள் பெரும்பாலும் வெள்ளீயக் கலவை. பழையது என்றால் காரீயமும் இருக்கும். சுத்தமான வெள்ளீயமே 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். சாதாரண சால்டரிங் அயர்னின் முனை 300 டிகிரியைத் தாண்டும். கொஞ்சம் அசந்தால் இறக்கையின் அடிப்பகுதி சொட்டாகக் கீழே விழும். ரயில் மாடல் செய்பவர்கள் 70 டிகிரியில் உருகும் தனி ஈயத்தை வைத்து வெள்ளை உலோகத்தைப் பற்றவைப்பது உண்மைதான். ஆனால் அது நன்றாகப் பழகிய கைக்கான வேலை.

உங்கள் பசையில் குறை இல்லை. பசை தனியாகச் செய்ய முடியாத வேலையை அதனிடம் கொடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். வெள்ளீயத்தின் அடர்த்தி பாலிஸ்டைரீனைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு. அதே அளவு பிளாஸ்டிக் இறக்கையைச் சுலபமாகத் தாங்கும் ஒட்டு, இங்கே ஏழு மடங்கு எடையைச் சுமக்கிறது. அதுவும் நேராக அல்ல. இறக்கை பக்கவாட்டில் நீண்டு நிற்க, மொத்த எடையும் ஒரு புளியங்கொட்டை அளவுகூட இல்லாத அடிப்பகுதியை நெம்பிக்கொண்டே இருக்கிறது. ஃபெவிக்விக் மாதிரியான சூப்பர் க்ளூ வகைப் பசைகள் நேராக இழுத்தால் நன்றாகத் தாங்கும். நெம்பினாலும் தட்டினாலும் கண்ணாடி மாதிரி விட்டுவிடும்.

பசையைக் கூட்டியதுதான் நிலைமையை மோசமாக்கியது. சூப்பர் க்ளூ இறுகுவது பரப்பில் இருக்கும் துளி ஈரத்தால். மெல்லிய படலமாக இருந்தால் நொடிகளில் இறுகும். தடிமனாகப் போட்டால் ஓரம் இறுகி, நடு ஈரமாகவே கிடக்கும். அதோடு சுற்றியுள்ள உலோகத்தில் வெண்மையாகப் பூத்துவிடும்.

பிளாஸ்டிக்குக்கு எழுதிய குறிப்புகளை உலோகத்துக்குப் பயன்படுத்துவதாலும் பலருக்கு இந்தக் குழப்பம் வருகிறது. வார்ஹேமரைத் தயாரிக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் 2011-இல் தன் உலோக உருவங்கள் பலவற்றை ஃபைன்காஸ்ட் என்ற ரெசினுக்கு மாற்றிவிட்டது. இப்போது புதிதாக வருகிறவர்கள் பிளாஸ்டிக்கில்தான் கை பழகுகிறார்கள். உலோகத்தில் பெரிய துண்டு ஒட்ட வேண்டுமென்றால் உள்ளே கம்பி வைத்தே ஆக வேண்டும்.

முதலில் பழைய பசையை எடுங்கள். அசிட்டோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவரில் ஊறவைத்தால் இளகிவிடும், உலோகத்துக்கு ஒன்றும் ஆகாது. அடியில் டிராகன் நிற்கும் பிளாஸ்டிக் பேஸ் (பீடம்) இருந்தால் முன்பே கழற்றிவிடுங்கள். அசிட்டோன் அதைக் கரைத்துவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அருகில் அடுப்பு எரியக் கூடாது. உடலைப் பிரிக்க நினைத்தால் ஃப்ரீசரில் சில மணி நேரம் வைத்து எடுங்கள்; குளிரில் சூப்பர் க்ளூ இன்னும் நொறுங்கும், திருகினால் விட்டுவிடும். நன்றாக நிற்கிற உடலை நானாக இருந்தால் தொட மாட்டேன்.

அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல் துலக்கும் பிரஷும் போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். அச்சிலிருந்து சுலபமாக வரப் போடும் பவுடரும் கை எண்ணெயும் பரப்பில் இருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது. ஒட்டும் முகத்தில் பழைய பெயிண்ட் இருந்தால் உலோகம் தெரியும்வரை சுரண்டுங்கள். இல்லையென்றால் நீங்கள் ஒட்டுவது பெயிண்டோடுதான். அது உரியும்போது இறக்கையும் கூடவே வரும். அரம் போடும்போது காரீயத் தூள் பறக்காமல் ஈரமாக்கிக்கொள்ளுங்கள், முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சாப்பிடும் மேஜையில் இந்த வேலை வேண்டாம்.

இப்போது பசையே இல்லாமல் இறக்கையைப் பொருத்திப் பாருங்கள். ஆடினால் எங்கே இடிக்கிறது என்று பார்த்து அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயுங்கள். முகங்கள் சேர்ந்து உட்கார்ந்த பிறகு இரண்டு பக்கமும் கத்தி முனையால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிடுங்கள். பசைக்குப் பிடிமானம் கிடைக்கும்.

கம்பி வைக்க ‘பின் வைஸ்’ (pin vice) என்கிற சின்னக் கை ட்ரில் வேண்டும். ஹாபி கடையில்தான் கிடைக்கும் என்றில்லை. சென்னை ரிச்சி தெருவில் பி.சி.பி. (எலக்ட்ரானிக் சர்க்யூட்) போர்டு துளையிடும் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள். 1 மி.மீ. பிட் போதும். கார்பைடு பிட் வேண்டாம், கையால் திருகும்போது சற்றே சாய்ந்தாலும் முறியும். சாதாரண ஸ்டீல் பிட்டே நல்லது. மோட்டார் ட்ரில்லும் வேண்டாம். இந்த உலோகம் மெத்தென்றது, வேகமாகச் சுற்றினால் சூடாகிப் பிட்டில் அப்பிக்கொள்ளும். கத்தி முனையால் சின்னக் குழி போட்டுக்கொண்டு, மெதுவாகத் திருகி, நான்கைந்து சுற்றுக்கு ஒரு தடவை வெளியே எடுத்துத் தூளைத் தட்டுங்கள். பிட்டின் முனையில் கொஞ்சம் மெழுகு தடவினால் இன்னும் லேசாக இறங்கும். உடல் பக்கம் 5 மி.மீ. ஆழம் தாராளம். இறக்கையின் அடிப்பகுதி மெல்லியது, அங்கே 3 மி.மீ.யோடு நிறுத்துங்கள், மறுபக்கம் பிட் எட்டிப் பார்த்துவிடக் கூடாது.

ரொம்பப் பேர் தவறுவது இரண்டு துளையையும் ஒரே நேர்க்கோட்டில் கொண்டுவருவதில்தான். கண்ணால் அளந்து துளைக்காதீர்கள். உடல் பக்கத் துளையில் கம்பியைச் செருகி, ஒரு மி.மீ. மட்டும் வெளியே நிற்கும்படி வெட்டுங்கள். அதன் தலையில் ஒரு பொட்டு பெயிண்ட் வைத்து, இறக்கையைச் சரியான கோணத்தில் கொண்டுவந்து அழுத்தி எடுங்கள். இறக்கையில் எங்கே புள்ளி விழுகிறதோ அங்கேதான் துளை. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் அரை மி.மீ. விலகத்தான் செய்யும். அப்போது இறக்கைப் பக்கத் துளையை மட்டும் 1.5 மி.மீ. பிட்டால் அகலமாக்கிவிடுங்கள், மீதி இடத்தை ஒட்டப் போடும் எபாக்ஸி பசை (அரால்டைட்) நிரப்பிக்கொள்ளும். அளவுக் கம்பியை எடுத்துவிட்டு, இரண்டு துளையின் ஆழத்துக்கும் சேர்த்து நீளமாக வெட்டிய கம்பியைப் போடுங்கள். பித்தளைக் கம்பி நல்லது. இல்லையென்றால் ஜெம் கிளிப்பை நிமிர்த்தி வெட்டினாலும் போதும். வெட்டும்போது துண்டு கண்ணை நோக்கித் தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

ஒட்டுவதற்கு அரால்டைட். ஐந்து நிமிட வகை வேண்டாம், இரவு முழுக்க இறுகும் சாதாரண வகையே என் தேர்வு. இறுக நேரம் எடுத்தாலும் லேசான தட்டலைத் தாங்கும், இடைவெளியையும் நிரப்பும். அதுவரை இறக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார முடியாது. ஒரு கிண்ணத்தில் அரிசியை நிரப்பி, ஒட்டும் இடம் மேலே பார்க்கும்படி டிராகனைச் சாய்த்துப் புதைத்துவிடுங்கள். இறக்கை தன் எடையாலேயே கீழே அழுந்தி உட்காரும். ஒரு நேரத்தில் ஒரு இறக்கைதான். அந்த அரிசி திரும்பச் சமையலுக்கு வேண்டாம்.

ஃபெவிக்விக்கைத் தூக்கிப்போட வேண்டாம். கை, வாள், கேடயம் மாதிரிச் சின்னத் துண்டுகளுக்கும், காலைப் பேஸில் ஒட்டுவதற்கும் அதுதான் சரி. ஊசி முனையில் ஒரு துளி தொட்டு வைத்தால் போதும். வழிந்தால் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்காதீர்கள். பஞ்சில் பட்ட சூப்பர் க்ளூ விரல் சுடும் அளவுக்குச் சூடாகும். சமையல் சோடா தூவினால் உடனே இறுகும் என்பதும் உண்மைதான், ஆனால் மணல் மாதிரி சொரசொரப்பாகும். டிராகனின் தோளில் அந்தத் திட்டு பெயிண்டுக்குப் பிறகும் தெரியும். ஒட்டிய இடத்தில் பிளவு தெரிந்தால் க்ரீன் ஸ்டஃப் என்கிற எபாக்ஸி மாவால் நிரப்பி, ஈர விரலால் வழித்துவிடுங்கள். எம்-சீலும் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் இறுகிவிடும், செதில் மாதிரி நுணுக்கமான வேலைக்கு ஒத்துவராது.

தலையும் வாலும் இதே மாதிரிதான், வாலுக்கு 0.8 மி.மீ. பிட் போதும். பெயிண்டுக்கு முன் போடும் பிரைமரை அடிப்பதை மறுநாளுக்குத் தள்ளிப் போடுங்கள். உலோக டிராகன் தலைப்பக்கம் கனமாக இருந்தால் குப்புற விழும். பேஸின் அடியில், வால் பக்கமாக, இரண்டு இரும்பு வாஷர்களை மீதமான அரால்டைட்டால் ஒட்டிவிடுங்கள்.