பஸ், ரயில், படகு மட்டும்: நீண்ட முதுகுப்பைப் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி? (கேள்வி பதில்)

சொந்த வண்டியும் வாடகைக் காரும் இல்லாமல், பொதுப் போக்குவரத்தை மட்டும் நம்பிப் பல வாரம் சுற்றக் கிளம்புபவர்கள் புனைபெயரில் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

தொடுவானம்: ஆறு வாரம் கையில் இருக்கிறது. பார்க்க வேண்டிய இடங்களை வரைபடத்தில் குறித்துவிட்டேன். அடுத்து என்ன செய்வது?

பதில்: அந்தப் புள்ளிகளை இப்போதே கோடு போட்டு இணைக்காதீர்கள். அடுத்தடுத்த இரண்டு இடங்களுக்கு நடுவே வண்டி எத்தனை தடவை ஓடுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். மணிக்கு ஒன்றா, நாளுக்கு இரண்டா, வாரத்துக்கு இரண்டா? எது ரொம்பக் குறைவாக ஓடுகிறதோ அதுதான் உங்கள் பயணத்தின் தேதிகளைத் தீர்மானிக்கும். செவ்வாயும் சனியும் மட்டும் கிளம்பும் படகு ஒன்று இருந்தால், அதை முதலில் நாட்காட்டியில் எழுதிவிட்டு, அதற்கு முன்னாலும் பின்னாலும் மற்றவற்றை அடுக்குங்கள். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெரிய நகரங்களுக்கு இடையே ஓடும் விரைவு ரயிலுக்கு, பணம் திரும்பக் கிடைக்காத மலிவு டிக்கெட்டை முதலில் வாங்கிவிடுகிறார்கள். கிராமத்துப் பஸ் அந்தக் கிழமையில் கிடையாது என்பது பிறகுதான் தெரிகிறது. மணிக்கு ஒரு ரயில் ஓடும் தடத்தை எப்போது வேண்டுமானாலும் முடிவு செய்யலாம்.

42 நாளில் வாரத்துக்கு ஒரு நாள் வீதம் ஆறு நாளை எதற்கும் ஒதுக்காமல் விடுங்கள். வேலைநிறுத்தம், மண்சரிவு, புயலால் நிற்கும் படகு, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் அந்த ஆறு நாள்தான் கைகொடுக்கும். ஊர் விட்டு ஊர் மாறும் நாட்கள் 12, 14-ஐத் தாண்டினால் உடம்பு தாங்காது. பஸ்ஸில் நான்கு மணி நேரம் என்று போட்டிருந்தாலும், அறையைக் காலி செய்வது, நிலையத்துக்குப் போவது, காத்திருப்பது, இறங்கித் தங்குமிடம் தேடுவது எல்லாம் சேர்ந்து அன்றைய பகல் முழுவதும் போய்விடும்.

வெண்பனி: பயணச் செயலியில் மூன்று மாதம் தள்ளி ஒரு தேதி போட்டால் பஸ்ஸே இல்லை என்று காட்டுகிறது. இன்றைய தேதி போட்டால் வருகிறது. தடத்தை நிறுத்தப் போகிறார்களா?

பதில்: அநேகமாக இல்லை. போக்குவரத்து நிறுவனங்கள் கால அட்டவணையை ஜிடிஎஃப்எஸ் என்ற பொது வடிவத்தில் கோப்பாக வெளியிடுகின்றன. கூகுளும் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து அமைப்பும் சேர்ந்து 2005 வாக்கில் உருவாக்கிய வடிவம் அது. அந்தக் கோப்பில் எந்தத் தேதி வரை செல்லும் என்று குறித்திருக்கும். அதைத் தாண்டிய நாளைக் கேட்டால் செயலியிடம் பதில் இருக்காது. ஆகவே அடுத்த இரண்டு வாரத்துக்குள் அதே கிழமை வரும் ஒரு நாளைப் போட்டுப் பாருங்கள். கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது உண்மையான தேதியை மறுபடி சரிபாருங்கள். ஐரோப்பிய ரயில்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் இரண்டாவது ஞாயிறு வாக்கில் புது அட்டவணை வரும். அந்தத் தேதிக்குப் பிந்திய ரயில்கள் தாமதமாகத்தான் திரையில் தெரியும்.

செயலியில் இல்லாத பஸ் ஊரில் இல்லாத பஸ் என்று எண்ணிவிடாதீர்கள். கோப்பு வெளியிடாத சிறு நிறுவனங்கள் ஏராளம். அந்த வட்டாரச் சுற்றுலா அலுவலகத்துக்கோ, போய்த் தங்கப்போகும் விடுதிக்கோ ஒரு மின்னஞ்சல் போடுங்கள். 'பஸ் இருக்கிறதா' என்று கேட்டால் 'இருக்கிறது' என்று மட்டும்தான் பதில் வரும். 'புதன்கிழமை காலை எத்தனை மணிக்கு, எந்த நிறுத்தத்திலிருந்து' என்று கேளுங்கள்.

வெண்பனி: அட்டவணையின் அடியில் பொடி எழுத்தில் குறியீடுகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் படிக்க வேண்டுமா?

பதில்: கட்டாயம். வழியில் மாட்டிக்கொள்பவர்களில் நிறையப் பேர் அந்தப் பொடி எழுத்தைப் படிக்காதவர்கள். பள்ளி நாட்களில் மட்டும் ஓடும் பஸ் விடுமுறைக் காலத்தில் முழுதாக நின்றுவிடும். நீங்கள் பயணம் போவதும் அப்போதுதான். அரசு விடுமுறை நாளில் பெரும்பாலும் ஞாயிறு அட்டவணைதான் ஓடும். போகிற நாட்டின் விடுமுறைப் பட்டியலை முன்பே எடுத்து வையுங்கள். மலைக் கணவாய் வழியாகப் போகும் பஸ்கள் பனி உருகிய பிறகுதான் தொடங்கும். 'முன்பதிவு இருந்தால் மட்டும்' என்ற குறி இருந்தால், ஒரு மணி நேரம் முன்போ முந்தின நாளோ தொலைபேசியில் சொல்லாவிட்டால் வண்டி வரவே வராது.

நள்ளிரவையும் கவனியுங்கள். வெள்ளி இரவு 12:20-க்குக் கிளம்பும் வண்டி சனிக்கிழமை தேதியில் இருக்கும். வெள்ளி என்று டிக்கெட் எடுத்தால், உங்கள் வண்டி ஏறக்குறைய ஒரு நாள் முன்பே போயிருக்கும். சில அட்டவணைகளில் 24:20 என்று போட்டிருப்பார்கள். அதற்குப் பொருள், முந்தின நாளின் தொடர்ச்சியாக நள்ளிரவு கடந்து இருபது நிமிடம்.

பாதசாரி: நடுவில் நான்கு நாள் மலை நடை வைத்திருக்கிறேன், டென்ட்டோடு. ஒரு முனையில் நாளுக்கு ஒரே பஸ், மறுமுனையில் ரயில் நிலையம். எங்கே தொடங்கலாம்?

பதில்: பஸ் குறைவாக உள்ள முனையில் தொடங்கி ரயில் நிலையத்தில் முடியுங்கள். போகும்போது அந்த ஒரே பஸ்ஸைப் பிடிப்பது எளிது, ஏனென்றால் முந்தின இரவு ஊரில் இருப்பீர்கள், கால் ஓய்ந்திருக்காது. நான்கு நாள் நடந்த பிறகு எத்தனை மணிக்கு இறங்குவோம் என்பது யார் கையிலும் இல்லை. அப்போது மணிக்கு ஒரு ரயில் இருக்கும் இடம்தான் வேண்டும். கார்க்காரர்கள் நிறுத்திய இடத்துக்கே திரும்ப வேண்டியிருப்பதால் வட்டமடித்து நடக்கிறார்கள். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு பள்ளத்தாக்கில் ஏறி இன்னொன்றில் இறங்கலாம். பொதுப் போக்குவரத்தில் போவதன் ஆகப் பெரிய லாபம் இதுதான் என்பேன்.

கடைசி நாளுக்கு மட்டும் கணக்குப் போட்டே ஆக வேண்டும். ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதி இன்றும் போதும்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி. 16 கிலோமீட்டர் தூரம், 900 மீட்டர் ஏற்றம் என்றால் 3 மணி 12 நிமிடம், கூட ஒன்றரை மணி, ஆக 4 மணி 42 நிமிடம். இது சுமை இல்லாமல், நிற்காமல் நடப்பவருக்கு. டென்ட் சுமைக்கும் ஓய்வுக்கும் மூன்றில் ஒரு பங்கு சேர்த்தால் ஆறே கால் மணி நேரம் வரும். கடைசி வண்டி ஐந்தரைக்கு என்றால் அதற்கு முந்தையதையே இலக்காக வையுங்கள். அது நாலரைக்கு என்றால் நான்கு மணிக்கு நிலையத்தில் இருக்க வேண்டும். அதற்குக் காலை ஒன்பதே முக்காலுக்குள் கிளம்பியாக வேண்டும். செங்குத்தான, கல் நிறைந்த இறக்கத்தில் ஏற்றத்துக்கு ஆகும் நேரமே ஆகலாம், அதையும் கூட்டுங்கள்.

முடியும் இடத்திலும் நாளுக்கு ஒரே பஸ்தான் என்றால், முந்தின இரவு அந்த நிறுத்தத்திலிருந்து இரண்டு மணி நேர நடைக்குள் கூடாரம் போடுங்கள். வழியில் உள்ள நிறுத்தங்களில் கை காட்டாமல் பஸ் நிற்காது. இருட்டினால் டார்ச்சைத் தாழ்த்தி ஆட்டுங்கள், ஓட்டுநரின் கண்ணில் அடிக்காதீர்கள். நிறுத்தம் சாலையின் எந்தப் பக்கம் என்பதையும் முன்பே பார்த்து வையுங்கள்.

மேகவழி: பை எத்தனை லிட்டர் வாங்கலாம்?

பதில்: டென்ட் இல்லாவிட்டால் 40 லிட்டர், இருந்தால் 50 முதல் 55. தண்ணீரும் உணவும் சேர்க்காமல் பத்து கிலோவுக்குள் நிறுத்துங்கள். ஆளோடு உள்ளே வைக்க முடிகிற பைக்கு டிக்கியைப் பற்றிய கவலையே இல்லை.

பஸ் டிக்கியில் முதலில் உடைவது இடுப்புப் பட்டையின் பக்கிள். கனமான பெட்டிகள் மேலே விழுந்து நசுக்கும். பட்டையைப் பையின் முன்பக்கமாகத் திருப்பிப் பூட்டி, தொங்கும் வார்களைச் செருகி, மழையுறையை முதுகுப் பக்கமும் மூடும்படி மாட்டிவிடுங்கள். மாற்றுப் பக்கிள் ஒன்று கையில் இருக்கட்டும், தையல் பிரிக்காமல் பொருத்தக்கூடிய வகையாக வாங்குங்கள். பாஸ்போர்ட், பணம், மருந்து, கண்ணாடி, சார்ஜர், ஒரு சட்டை ஆகியவை பத்து லிட்டர் சிறு பையில் மடியிலேயே இருக்கட்டும். டிக்கி திறக்கும் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்தால், வழி நிறுத்தங்களில் யார் எதை எடுக்கிறார்கள் என்று தெரியும்.

சாலையோரம்: கேஸ் அடுப்பை ரயிலில் கொண்டுபோகலாமா?

பதில்: அடுப்பின் தலைப்பகுதியைக் கொண்டுபோகலாம், சிக்கல் எல்லாம் சிலிண்டரில்தான். விமானத்தில் முழுத் தடை. பல ரயில், நீண்டதூரப் பஸ், படகு நிறுவனங்களும் தடுக்கின்றன. ஒவ்வொன்றின் லக்கேஜ் விதியையும் தனித்தனியாகப் படியுங்கள். நடை தொடங்கும் ஊரிலேயே வாங்கி, முடியும் ஊரில் தீர்த்துவிடும்படி திட்டமிடுங்கள். திருகிப் பொருத்தும் வால்வு உள்ள சிலிண்டர் பரவலாகக் கிடைக்கும், ஆனால் எல்லா ஊரிலும் கிடைக்காது. கடை எந்தக் கிழமை மூடியிருக்கும் என்பதும் திட்டத்தில் இருக்க வேண்டும். நடை நான்கைந்து நாள்தான், வெயில் காலம் என்றால், சமைக்காத உணவோடு போவதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஒரு சிலிண்டருக்காகப் பாதித் தடத்தை மாற்றுவது வீண்.

சாலையோரம்: பவர் பேங்க்?

பதில்: 20,000 எம்ஏஎச். 3.7 வோல்ட் கணக்கில் அது 74 வாட்-அவர் (மின்கலத்தில் உள்ள ஆற்றலின் அளவு). விமானங்களின் வழக்கமான வரம்பான 100-க்குள் வரும், ஆனால் கைப்பையில்தான் இருக்க வேண்டும். மின்னழுத்தத்தை மாற்றுவதில் இழப்பு உண்டு, ஆகவே கையில் கிடைப்பது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். 4,500 எம்ஏஎச் போனை மூன்று தடவைக்குச் சற்றுக் குறைவாக நிரப்பலாம். பஸ்ஸில் யுஎஸ்பி துளை இருக்கும் என்ற விளம்பரத்தை நம்பித் திட்டமிடாதீர்கள்.

எல்லைக்கோடு: தரைவழியாக ஐந்து நாடுகள். விசாவில் என்ன தவறு நடக்கும், அண்ணா?

பதில்: மூன்று தவறுகள் அடிக்கடி நடக்கின்றன, தம்பி. இ-விசா பல நாடுகளில் குறிப்பிட்ட நுழைவிடங்களுக்கு மட்டும்தான் செல்லும். விமான நிலையம் பட்டியலில் இருக்கும், நீ பஸ்ஸில் போகும் சிறிய எல்லைச் சாவடி இருக்காது. சாவடியின் பெயரைப் பட்டியலில் கண்ணால் பார்க்காமல் பஸ் டிக்கெட் எடுக்காதே. இரண்டாவது, ஒருமுறை நுழைவு விசா. பக்கத்து நாட்டுக்குள் இரண்டு நாள் போய்விட்டு அதே விசாவில் திரும்ப முடியாது. மூன்றாவது நாள் கணக்கு. ஷெங்கன் பகுதியில் (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள்தான் வரம்பு. நுழையும் நாள், வெளியேறும் நாள் இரண்டும் சேரும். விசாவில் அதைவிடக் குறைந்த நாள் போட்டிருந்தால் அதுதான் செல்லும். 90-ஆம் நாள் இரவுப் பஸ்ஸில் வெளியேறத் திட்டமிட்டால், பஸ் தாமதமாகி நள்ளிரவு தாண்டியதும் நீ விதியை மீறியவன். நான்கைந்து நாள் முன்பே வெளியேறு.

சாவடி இரவில் மூடுமா, நடந்து கடக்க விடுவார்களா, அந்த இரு நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும் திறந்ததா என்பதையும் பார். சர்வதேசப் பஸ் என்றால் எல்லாப் பயணிகளும் முடியும்வரை நிற்குமா என்று ஓட்டுநரிடம் கேட்டு, வண்டி எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு இறங்கு.

இருப்புப்பாதை: ஐரோப்பாவுக்கு ரயில் பாஸ் வாங்கலாமா, தனித்தனி டிக்கெட்டா?

பதில்: பாஸ் என்பது குறித்த எண்ணிக்கை நாட்களுக்கு ரயிலில் ஏற விடும் ஒரே டிக்கெட். அதன் விலையை அந்தப் பயண நாட்களால் வகுத்து, அந்தந்த நாள் டிக்கெட் விலையோடு ஒப்பிடுங்கள். ஐரோப்பாவில் குடியிருப்பவர்களுக்கு இன்டர்ரெயில் என்ற பாஸ், மற்றவர்களுக்கு யூரெயில் என்ற பாஸ். பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலியின் அதிவேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனிக் கட்டணம் உண்டு. அதைச் சேர்க்காமல் போடும் கணக்கு தப்பு. இரவு ரயிலுக்குக் கிளம்பும் நாள் மட்டுமே பயண நாளாகக் கழியும். நள்ளிரவுக்குப் பிறகு வேறு ரயிலுக்கு மாறினால் இன்னொரு நாளும் கழியும். முன்கூட்டியே தேதி உறுதியானவருக்குத் தனி டிக்கெட் மலிவு. மலையில் வானிலை பார்த்து நாளை மாற்றுபவருக்குப் பாஸ் நல்லது.

நிலாமுற்றம்: இரவுப் பயணத்தால் அறை வாடகை மிச்சம்தானே?

பதில்: காலை ஆறரைக்கு மேல் போய்ச் சேரும் வண்டியாக இருந்தால். நாலு மணிக்கு இறக்கிவிட்டால் மூடிய நிலையத்தின் வாசலில் உட்கார வேண்டியதுதான். அடுத்தடுத்து இரண்டு இரவு வேண்டாம். மறுநாள் மலை நடையும் வேண்டாம்.

நிலாமுற்றம்: மலைப் பாதை பஸ்ஸில் வாந்தி வருகிறது.

பதில்: முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள இருக்கை, முன்னோக்கிய பார்வை, போனைத் தொடவே கூடாது. மாத்திரை என்றால் கிளம்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. தூக்கம் வரும், அதனால் இறங்கியதும் செங்குத்தான பாதையில் ஏறாதீர்கள்.

தொடுவானம்: மீண்டும் நான். வண்டி மாறும் இடத்தில் எவ்வளவு இடைவெளி விடலாம்?

பதில்: அடுத்த வண்டியைத் தவறவிட்டால் என்ன இழப்பு என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். பின்னால் மணிக்கு ஒரு வண்டி இருந்தால் 20 நிமிடம் போதும். அதுவே அன்றைய கடைசி என்றால் இரண்டு மணி நேரம். இரவு ரயில், வாராந்திரப் படகு என்றால் முந்தின இரவே அந்த ஊரில் தங்குங்கள். ஒரே டிக்கெட்டில் இரண்டு வண்டியும் இருந்தால், முதல் வண்டி தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு பெரும்பாலும் நிறுவனத்துடையது. தனித்தனியாக வாங்கினால் முழு நஷ்டமும் உங்களுடையது. ஒரே ஊரில் இரண்டு மூன்று பஸ் நிலையங்கள் இருப்பது சகஜம். இறங்கும் நிலையத்தின் பெயரையும் ஏறும் நிலையத்தின் பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள், வேறு என்றால் நகரைக் கடக்கும் நேரத்தையும் சேருங்கள்.

பாதசாரி: எல்லாம் பார்த்தும் கடைசி பஸ் போய்விட்டால்?

பதில்: அதற்கான விடை கிளம்பும் முன்பே தாளில் இருக்க வேண்டும். கடைசி வண்டியை நம்பும் ஒவ்வொரு நாளுக்கும் மூன்று வரி எழுதுங்கள்: நடந்து போகும் தூரத்தில் தங்க எது உண்டு, உள்ளூர் டாக்சி எண் என்ன, மறுநாள் முதல் வண்டி எத்தனை மணிக்கு. வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள். தன்னார்வலர்கள் தொகுக்கும் இலவச வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவில் இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்ம்அண்ட் ஆகிய செயலிகள் இரண்டிலும் பல நிறுத்தங்கள் குறிக்கப்பட்டிருக்கும். நிறுத்தத்துப் பலகையில் ஒட்டிய அட்டவணையை இறங்கும்போதே படம் எடுங்கள். அதில் செயலியில் இல்லாத ஒரு தடம் சில சமயம் இருக்கும். சில்லறையாகக் கொஞ்சம் பணமும் ஒரு வங்கி அட்டையும் இரண்டுமே வேண்டும், ஏனென்றால் ஒரு பஸ்ஸில் அட்டை செல்லாது, அடுத்த பஸ்ஸில் ரொக்கம் வாங்க மாட்டார்கள்.