கல் ஏற்றிப்போனவர் எங்கே?

கேள்வி: எங்கள் தோட்டத்துக்கு மேலே மூடிக்கிடக்கும் கல்குவாரியை வனவிலங்குப் பகுதியாக்கப் போகிறார்களாம். மரம் நடுவிழாவுக்கு நாளும் குறித்தாயிற்று. இனி அந்தப் பக்கம் விறகு பொறுக்கக் கூடாதாம். மறுத்துப் பேசினால் காட்டுக்கு எதிரி என்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?
(வாசகர், பொகவந்தலாவை)

பதில்: குவாரி மறுபடி காடாக வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் உங்களைக் காட்டுக்கு எதிரி என்கிறவர்களிடம், இத்தனை வருடம் வெடி வைத்து லொறி லொறியாகக் கல் ஏற்றிப்போன முதலாளி எங்கே என்று கேட்டுவிட்டு மற்றதைப் பேசுங்கள். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டத்தின் கீழ் உத்தரவுப்பத்திரம் எடுத்தவர்தான் தோண்டிய இடத்தைச் சீர்செய்து கொடுக்க வேண்டும், அதற்குப் பிணைப்பணமும் கட்ட வேண்டும். அந்தப் பணத்தைப் பற்றி மூச்சே விடாமல், லயத்துப் பெண்கள், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள், சுமந்து வரும் விறகுக்கட்டில் கைவைப்பது எந்த ஊர் நியாயம்?

நடுவிழா என்றாலே எனக்குப் பயம். சீக்கிரம் வளரும் என்று டர்ப்பன்டைன் என்கிற பைன் மரத்தை நட்டுப் படம் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். வெறும் பாறையில் வேர் எங்கே இறங்கும்? சரிவைப் படிப்படியாக வெட்டி, மழைத்தண்ணீர் லயத்துப் பக்கம் பாயாதபடி கான் வெட்டி, மேல்மண் போட்ட பிறகுதான் செடி. 2014 ஒக்டோபரில் பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்களை மண் மூடியதை மறந்துவிட்டு மலைச்சரிவில் யாரும் மண்வெட்டியைத் தூக்கக் கூடாது. குழியில் தண்ணீர் நின்றால் தவளை வரும் என்றும் சொல்வார்கள். நம் மலைநாட்டு மரத்தவளைகளில் பெரும்பாலானவை தண்ணீரில் முட்டையிடுவதே இல்லை. ஈர மண்ணிலும் இலையிலும் இடுகின்றன, முட்டையிலிருந்து நேரே குட்டித்தவளையாகவே வெளியே வருகின்றன. அவற்றுக்கு வேண்டியது நிழலும் மக்கிய சருகும், அது ஒரு விழாவில் வந்துவிடாது. செங்குத்துப் பாறையில் கொஞ்சத்தை அப்படியே விட்டால் பைரி என்கிற வல்லூறு கூடு கட்டவும் இடம் கிடைக்கும்.

புத்தளத்து அருவக்காலுவில் சீமெந்துக்குச் சுண்ணாம்புக்கல் எடுத்த குழிகளில் ஒரு பகுதியில் நாட்டு மரங்களை நட்டு மீட்கும் வேலை நடந்தது. அதே அருவக்காலுவில் வேறு பழைய குழிகளுக்குத்தான், அந்த ஊர் மக்கள் எதிர்த்தும், கொழும்புக் குப்பை போனது. குழியை என்ன செய்வதென்று பக்கத்தில் குடியிருப்பவரைக் கேட்காமல் முடிவெடுத்தால் அப்படித்தான் ஆகும்.

அப்புறம் சிறுத்தை. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கம்பிக் கண்ணியில் சிக்கிய கருஞ்சிறுத்தை பிழைக்கவில்லை. கண்ணி எங்கே கிடக்கிறது என்று முதலில் கண்ணில் படுவது லயத்து ஆட்களுக்குத்தான். அவர்களைப் பகைத்துக்கொண்டு எந்தச் சிறுத்தையைக் காப்பாற்றப் போகிறார்கள்?

சரி, இப்போது செய்ய வேண்டியது: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்திடம் உத்தரவுப்பத்திரம், சீரமைப்புத் திட்டம், பிணைப்பணம் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவைச் சொல்லியாக வேண்டும். காவல் வேலையும் நாற்றுமேடை வேலையும் தோட்டத்து இளைஞர்களுக்கே என்று எழுதித் தரும்வரை, அடுப்புக்கு மாற்றுவழி சொல்லும்வரை, விழா மேடைக்கு யாரும் போகாதீர்கள்.