ஹெட்போன் காதைக் குத்துகிறதா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை. ஒரே ஹெட்போனை ஒருவர் "தெளிவு" என்கிறார், இன்னொருவர் "காது கூசுகிறது" என்கிறார். முதல் கேள்விக்கான பதில் நீளமானது. மற்றவற்றைப் புரிந்துகொள்ள அது தேவைப்படும் என்பதால் பொறுமையாகப் படியுங்கள்.

கேள்வி: நண்பன் ரொம்பப் புகழ்ந்த ஹெட்போனை வாங்கிக் கேட்டுப் பார்த்தேன். பாடகர் 'ச', 'ஷ' என்று உச்சரிக்கும்போதெல்லாம் ஊசி மாதிரி குத்துகிறது. யாருடைய காதில் கோளாறு, சார்?

இருவர் காதிலும் கோளாறு இல்லை. ஹெட்போன் ஒன்றுதான், ஆனால் உங்கள் செவிப்பறைக்கு வந்து சேரும் ஒலியும் அவருடைய செவிப்பறைக்கு வந்து சேரும் ஒலியும் ஒன்றல்ல. ரசனையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே இந்த வித்தியாசம் வந்துவிடுகிறது.

காதுக்குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒரு முனை மூடிய குழாய். ஏறக்குறைய 3000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அது தானாகவே ஒலியைப் பெருக்கும். எந்த இடத்தில், எவ்வளவு பெருக்கும் என்பது குழாயின் நீளத்தையும் வடிவத்தையும் பொறுத்தது. அடுத்தது காது மடல். 5000 ஹெர்ட்ஸில் ஒலியின் அலைநீளம் 7 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, அதாவது கிட்டத்தட்ட மடலின் அளவு. அதற்கு மேலே போனால் மடலின் ஒவ்வொரு மடிப்பும் சில அலைவரிசைகளைத் தூக்கும், சிலவற்றை அமுக்கும். 'ச', 'ஷ' ஒலிகளின் கூர்மை பெரும்பாலும் 5000 முதல் 10000 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதியில்தான் இருக்கிறது. ஆளுக்கு ஆள் அதிகம் மாறுவதும் அதே பகுதிதான்.

காது மடலின் இந்த வேலைக்கு மூளை சின்ன வயதிலிருந்தே பழகிவிட்டது, அதனால் நேரில் ஒருவர் பேசும்போது யாருக்கும் குத்துவதில்லை. ஆனால் ஹெட்போனில் ஒலி பக்கத்திலிருந்தே வருகிறது. இயர்போன் என்றால் மடலையே தாண்டிப் போய்விடுகிறது. தயாரிப்பாளர் ஏதோ ஒரு சராசரிக் காதை வைத்துத்தான் ட்ரெபிளை, அதாவது உயர்ந்த ஒலிகளின் பகுதியை, அமைத்திருப்பார். உங்கள் காது எந்த இடத்தைத் தூக்குகிறதோ அதே இடத்தில் ஹெட்போனிலும் ஒரு மேடு (சுற்றியுள்ளதைவிட ஒலி தூக்கலாக இருக்கும் இடம்) இருந்தால் இரண்டும் கூடிவிடும். நண்பரின் காதில் அதே இடம் பள்ளமாக இருந்தால் இரண்டும் ஈடுகட்டிக்கொள்ளும். நீங்கள் இருவர் சொல்வதும் உண்மை.

கேள்வி: ஒரே இயர்பட்ஸ், ஒரு நாள் இனிமை, மறுநாள் கரகரப்பு. எனக்கே இப்படி மாறுவது ஏன்?

செருகும் ஆழம் மாறியிருக்கும். காதை அடைத்துப் போடும் வகைகளில் குழாயின் ஒத்ததிர்வு, அதாவது அது தானாகவே ஒலியைப் பெருக்கும் இடம், மேலே நகர்ந்து, பெரும்பாலும் 7000 முதல் 9000 ஹெர்ட்ஸுக்குள் எங்காவது உட்காரும். கொஞ்சம் உள்ளே தள்ளினால் அது இன்னும் மேலே போகும், வெளியே இழுத்தால் கீழே இறங்கும். அப்புறம், ரப்பர் முனை சரியாக மூடாவிட்டால் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலிகள், கசிந்துவிடும். பேஸ் குறைந்ததும் ட்ரெபிள் கூடியதாகத் தோன்றும், உண்மையில் அது கூடியிருக்காது. "இது ரொம்ப பிரைட்" (ட்ரெபிள் தூக்கல்) என்று வரும் புகார்களில் கணிசமானவை இந்தக் கசிவால்தான் என்பது என் கருத்து. கண்ணாடி போடுபவர்களுக்குப் பெரிய ஹெட்போனிலும் இதே நடக்கும். முனையின் அளவை மாற்றிப் பார்க்காமல் ஒரு இயர்போனைத் தள்ளிவிடாதீர்கள்.

கேள்வி: அண்ணா, வால்யூமுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய உண்டு. ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1933-இலேயே இதை அளந்து வெளியிட்டார்கள். சத்தம் குறையக் குறைய நம் காதுக்குப் பேஸ் வேகமாக மங்கிப்போகும். அதனால் மெதுவாகக் கேட்பவர் "உடம்பே இல்லை, மெலிசாக இருக்கிறது" என்பார். சத்தமாகக் கேட்பவருக்குப் பேஸ் நிறைவாக இருக்கும், ஆனால் காது அதிகம் உணரும் 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் பகுதியில் ஒரு சிறு மேடு இருந்தாலும் கூச ஆரம்பித்துவிடும். இரண்டு பேரும் ஒரே வார்த்தையில் "பிரைட்" என்றுதான் எழுதுகிறார்கள், குறை வேறு வேறு. ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருப்பேன்: வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் இந்த வரம்பைத் தாண்டாதீர்கள்.

கேள்வி: வயதானால் உயர்ந்த ஒலிகள் குறைவாகத்தானே கேட்கும்? ஆனால் 60 வயதான என் அப்பாவுக்குத்தான் குத்துகிறது என்கிறார்.

குறைவாகக் கேட்பதும் குத்துவதும் ஒரே காதில் சேர்ந்தே இருக்கலாம். உள்காதின் நுண்மயிர் செல்கள் பழுதடையும்போது மெல்லிய ஒலி கேட்காமல் போகும். ஆனால் கேட்கத் தொடங்கும் அளவைத் தாண்டியதும் சத்தம் சட்டென்று ஏறிவிடும். சுகமான அளவுக்கும் வலிக்கும் அளவுக்கும் நடுவில் இடம் சுருங்கிவிடுகிறது. அப்பாவை ஒரு கேட்புத்திறன் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். திடீரென்று ஒரு காது மட்டும் மாறிவிட்டால் காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

கேள்வி: புது ஹெட்போனை நூறு மணி நேரம் ஓடவிட்டால் கூர்மை குறையுமாமே?

நம்பிக் காத்திருக்காதீர்கள். மெத்தை கொஞ்சம் அமுங்கும், மூளையும் பழகிக்கொள்ளும். திருப்பித் தரும் கெடு முடியும் முன் முடிவு செய்யுங்கள்.

கேள்வி: எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் அளவீட்டு வரைபடத்தில் ட்ரெபிள் நேர்த்தியாக இருக்கிறது, காதில் குத்துகிறது. எதை நம்புவது?

உங்கள் காதை. அந்த வரைபடம் ஒரு செயற்கைக் காதில் எடுத்தது. அதன் குழாய்க்கும் சொந்த ஒத்ததிர்வு உண்டு, பரவலாகப் பயன்படும் வகையில் அது 8000 ஹெர்ட்ஸ் அருகே வருகிறது. ஹெட்போனை எடுத்து மறுபடி வைத்தாலே மேல்பகுதி சில டெசிபெல் மாறும். பேஸையும் நடுப்பகுதியையும் ஒப்பிட வரைபடம் நல்ல துணை, மேலே போகப் போக எச்சரிக்கையாகப் படியுங்கள். ஆனால் பலருக்கும் கேட்கும் மேடு என்று ஒன்றும் உண்டு. 2009-இல் வந்த சென்ஹைசர் ஹெச்டி 800 ஹெட்போனில் 6000 ஹெர்ட்ஸ் அருகே இருந்த மேடு அப்படித்தான். பின்னால் வந்த 800 எஸ்-இல் அதை அடக்கவே ஓர் உறிஞ்சி வைத்தார்கள்.

கேள்வி: சில பாடல்களில் மட்டும்தான் குத்துகிறது.

அப்படியானால் பெரும்பாலும் ஒலிப்பதிவுதான் காரணம். மைக் நெருக்கமாக வைத்துப் பதிந்த குரல், அளவுக்கு மீறி அழுத்தி உரத்த ஒலியாக்கிய பதிவு இரண்டுமே இப்படிக் கேட்கும். வெவ்வேறு காலத்துப் பதிவுகள் சிலவற்றைப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஹெட்போனை மாற்ற வசதி இல்லை. ஈக்குவலைசரில் சரிசெய்ய முடியுமா?

பெரும்பாலும் முடியும், மொத்த ட்ரெபிளையும் இறக்காமல் இருந்தால். அப்படி இறக்கினால் குத்தும் இடத்தோடு தெளிவும் போய்விடும். வால்யூமை நன்றாகக் குறைத்துவிட்டு, 3000-லிருந்து 10000 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒற்றை ஒலியைக் கேளுங்கள். எங்கே சட்டென்று எகிறுகிறதோ அதுதான் உங்கள் மேடு. அந்த இடத்தில் மட்டும், குறுகலாக, 3 அல்லது 4 டெசிபெல் குறையுங்கள். ஒரு வாரம் அப்படியே கேட்டுவிட்டு, பிறகு ஈக்குவலைசரை அணைத்து ஒப்பிடுங்கள். கிடைத்த எண்ணை நண்பருக்குக் கொடுக்க வேண்டாம், அவருடைய மேடு வேறு இடத்தில் இருக்கும்.