வாசகர் கேள்வி: சம எடை போதாதா?

மல்லேஸ்வரத்திலிருந்து ஓர் ஆய்வு மாணவி: எங்கள் ஆய்வகத்தில் சீரம் சேர்க்காத ஊடகத்தில் செல்களை வளர்க்கிறோம். புரதங்களை வெட்டும் நொதியான டிரிப்சினைக் கொண்டு செல்களைத் தட்டிலிருந்து பிரித்த பிறகு அதன் செயலை நிறுத்துவதற்கு, மனித பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற தடுப்புப் புரதத்தைச் சேர்க்கிறேன். டிரிப்சினுக்குச் சம எடை சேர்த்தும் செல்கள் சிதைகின்றன. குப்பியில் குறையா, என் கணக்கில் குறையா? மனித ரத்தத்திலிருந்து வந்த பொருள் என்பதால் அதைத் தொடவும் அச்சமாக இருக்கிறது.

பதில்: குறை பெரும்பாலும் கணக்கில்தான் இருக்கிறது. இந்தப் புரதம் ஏறத்தாழ 52,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) எடை கொண்டது. டிரிப்சினின் எடை 23,300 அளவில்தான். ஒரு மூலக்கூறு தடுப்பான் ஒரே ஒரு மூலக்கூறு நொதியைத்தான் கட்டும் என்பதால், 1 மில்லிகிராம் தூய டிரிப்சினை அடக்க 2.2 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாகவே இது வேண்டியிருக்கும். நீங்கள் சம எடை சேர்த்தபோது நொதியில் பாதிக்கு மேல் கட்டப்படாமல் நின்று, செல்களைத் தொடர்ந்து அரித்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஒன்றுக்கு ஒன்று என்ற இந்தக் கணக்குக்குக் காரணம் இப்புரதம் வேலை செய்யும் முறை. அதன் உடலிலிருந்து ஒரு வளையம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதில் 358-ஆம் இடத்திலுள்ள மெத்தியோனைன் என்ற அமினோ அமிலத்தை நொதி தன் இரையென்று எண்ணி வெட்டுகிறது. வெட்டிய கணத்திலேயே வளையம் புரதத்தின் உட்பகுதிக்குள் பாய்ந்து செருகிக்கொள்ள, அதனோடு பிணைந்திருந்த நொதி மறுமுனைக்கு இழுத்தெறியப்பட்டு, தன் வடிவம் நசுங்கிச் செயலிழந்து போகிறது. மீண்டும் பூட்ட முடியாத எலிப்பொறி போன்றது இது. ஒருமுறை இயங்கியதும் அதன் ஆயுள் முடிந்துவிடுகிறது.

இதனால்தான் குப்பியின் மேல் அச்சிட்டிருக்கும் மில்லிகிராமை மட்டும் நம்பக் கூடாது என்கிறேன். உறைவதும் உருகுவதும் மாறிமாறி நிகழ்ந்தாலோ, நுரை வரும்படி குலுக்கினாலோ, சூடு பட்டாலோ புரதத்தின் எடை குறையாது. ஆனால் செயல்படும் பங்கு குறையும். உதாரணமாக, நூற்றுக்கு எண்பது பங்கு மட்டுமே செயல்படும் குப்பியாயின் 2.2 என்பது 2.8 ஆகிவிடும். போதாக்குறைக்கு, செல் வளர்ப்புக்கென விற்கும் டிரிப்சின் தூள்களில் பல தூய்மையானவையும் அல்ல. ஆகவே, தெரிந்த அளவு டிரிப்சினோடு தடுப்பானைப் படிப்படியாகக் கூட்டிச் சேர்த்து, சிறிது நேரம் காத்திருந்து, நொதி வெட்டும்போது நிறம் தரும் அடிமூலப்பொருள் ஒன்றைக் கொண்டு எஞ்சிய நொதிச் செயலை அளந்து பாருங்கள். அரைநாள் வேலைதான், அதன்பின் ஊகத்துக்கு இடமிருக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டிரிப்சினை நிறுத்துவது மட்டுமே உங்கள் நோக்கமென்றால், சோயா தடுப்பானே போதும். அதன் எடை சுமார் 20,000 என்பதால் சம எடைக் கணக்கு அதற்குத்தான் பொருந்தும், விலையும் குறைவு. 0.25 சதவீத டிரிப்சின் 1 மில்லிலிட்டருக்கு ஐந்து மில்லிகிராமுக்கு மேல் மனிதப் புரதத்தைச் செலவிடுவது எனக்கு ஒப்பவில்லை. யாரோ சிலர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்த பொருள் அது. வெள்ளணுக்களிலிருந்து வரும் நியூட்ரோஃபில் எலாஸ்டேஸ் என்ற நொதியைப் பற்றிய ஆய்வு போல, அது இல்லாமல் முடியாத இடங்களுக்கு அதை ஒதுக்கி வைப்பதே முறை.

அச்சம் வேண்டாம், கவனம் போதும். எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி ஆகியவற்றுக்குச் சோதித்த பிளாஸ்மாவாக இருந்தாலும், தொற்று இருக்கக்கூடிய பொருளாகவே கருதிக் கையுறையோடு கையாளுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளுங்கள். கழிவைக் கிருமிநீக்கம் செய்த பிறகே வெளியே அனுப்புங்கள்.

அல்சூரிலிருந்து ஒரு வாசகர்: புகைபிடித்தால் நுரையீரலைக் காக்கும் இந்தப் புரதம் கெட்டுவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். மேலே சொன்ன அதே மெத்தியோனைனைப் புகையிலுள்ள பொருள்கள் ஆக்சிஜனேற்றம் செய்துவிடுவதால், எலாஸ்டேஸைப் பிடிக்கும் திறனை அப்புரதம் பெருமளவு இழக்கிறது. தடையற்ற எலாஸ்டேஸ், நுரையீரலின் மீள்தன்மைக்குக் காரணமான எலாஸ்டினை அரிக்கிறது. 1963-இல் ஸ்வீடன் நாட்டின் லாரெல், எரிக்சன் இருவரும் சீரப் புரதங்களை மின்புலத்தில் பட்டைகளாகப் பிரித்துப் பார்த்தபோது, சில நோயாளிகளிடம் இப்புரதத்துக்குரிய பட்டை இல்லாதிருப்பதைக் கண்டறிந்தனர். அவர்களுள் நுரையீரல் நோயாளிகள் இருந்தனர். பிறவியிலேயே இப்புரதம் குறைந்தவர் புகைபிடித்தால், நுரையீரலின் காற்றறைகள் சிதையும் எம்பைசீமா இளவயதிலேயே வந்துவிடுகிறது.

உங்கள் குடும்பத்தில் யாருக்கேனும் சிறு வயதிலேயே மூச்சிரைப்பு இருந்தால், இப்புரதத்தின் அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். காய்ச்சலும் தொற்றும் இல்லாத நாளில் அதைச் செய்துகொள்வது நல்லது. உடலில் அழற்சி இருக்கும்போது இப்புரதம் இயல்பாகவே கூடும் என்பதால், மிதமான குறைபாடு முடிவில் தெரியாமல் போய்விடக்கூடும்.