மருத்துவ இடமும் மீன்தொட்டிக் கேள்வியும்

ஐயா,

மருத்துவ நுழைவுத் தேர்வில் தங்கள் மகளுக்கு இரண்டாம் முறையும் மதிப்பெண் போதாததால் குடி முழுகிவிடாது என்று நேற்று தங்களுக்கு ஆறுதல் சொன்னேன். ஆனால் பணம் கட்டிப் பெறும் இடத்துக்காக வீட்டை அடமானம் வைக்கப் போவதாகத் தாங்கள் கூறிய பிறகு ஆறுதல் பொருந்தாது. வைக்காதீர்கள். வற்புறுத்தும் தங்கள் தமையனார் வட்டி கட்டப் போவதில்லை. பிடிக்காத படிப்பைச் சுமக்கப் போவதும் அவர் அல்லர்.

தாங்கள் வெளியே தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது தங்கள் மகள் என்னிடம் ஒன்று கேட்டாள். அவளுடைய தொட்டியில் ஒரு மீன் மட்டும் புண் கண்டு இறந்தது, அதே நீரில் நீந்திய மற்றவை பிழைத்தன, ஏன்? அந்த ஏனுக்கு விடை தேடும் துறை மீன் நோய்த்தடுப்பியல், அதாவது மீனின் உடல் நோயை எதிர்க்கும் விதத்தை ஆராயும் அறிவியல். பொறியியலையும் வணிகவியலையும் பற்றி நான் சொல்லித் தாங்கள் அறிய வேண்டியதில்லை. இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மீனுக்குப் புண் உண்டாக்கக்கூடிய ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அது வாழும் நன்னீரில் இயல்பாகவே இருப்பவை. தோலையும் செவுளையும் மூடிய சளியும், அதிலுள்ள லைசோசைம் முதலிய புரதங்களும் அவற்றை முதலில் தடுக்கின்றன. தடையைத் தாண்டி நுழைபவற்றை டோல் வகை ஏற்பிகள் என்னும், கிருமியை உணரும் உயிரணுப் புரதங்கள் அடையாளம் காண்கின்றன. அவற்றுள் ஐந்தாம் எண் ஏற்பி, பாக்டீரியா நீந்துவதற்கு உதவும் கசையிழையின் புரதத்தை உணர்ந்து எச்சரிக்கை எழுப்புகிறது. அந்த ஏற்பி நமக்கும் உண்டு. பல மீன்களிலோ, உயிரணுவில் ஒட்டாமல் வெளியே சுரக்கும் கரைநிலை வடிவமும் கூடுதலாக உண்டு. மீனுக்கு எலும்பு மஜ்ஜையில் குருதி உருவாவதில்லை. அப்பணியைத் தலைச்சிறுநீரகம் என்னும் சிறுநீரகத்தின் முன்பகுதி செய்கிறது. மீன்களுக்கே உரிய ஐ.ஜி.டி. (IgT) என்னும், கிருமியைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் 2005-இல்தான் விவரிக்கப்பட்டது. அட்லாண்டிக் காட் மீனோ, முதுகெலும்பிகளுக்கு இன்றியமையாததெனக் கருதப்பட்ட எம்.எச்.சி. இரண்டாம் வகை மரபணுக்களை (கிருமியின் துண்டுகளை நோய்த்தடுப்பு உயிரணுக்களுக்குக் காட்டும் புரதங்களுக்கானவை) இழந்தும் வாழ்கிறது என்று 2011-இல் தெரியவந்தது. இத்தனை புதிதாக இருக்கும் துறையில் இளையவர்களுக்கு வேலை மிச்சமிருக்கிறது.

இது வெறும் ஆய்வகச் சங்கதியும் அன்று. 1987-இல் சுமார் 50 டன் ஆன்டிபயாட்டிக் பயன்படுத்திய நார்வேயின் மீன்வளர்ப்பு, உற்பத்தி பன்மடங்கு பெருகிய பின்னும் இன்று ஒரு டன்னுக்கும் குறைவாகவே பயன்படுத்துகிறது. அதற்குத் தலையாய காரணம் பாக்டீரியா நோய்களுக்கான தடுப்பூசி. தடுப்பூசி நிறுவனங்கள், நோயறி ஆய்வகங்கள், பெரிய பண்ணைகள் என்று வேலைவாய்ப்பு விரிகிறது.

மீன்வள அறிவியல், விலங்கியல், நுண்ணுயிரியல், கால்நடை மருத்துவம் ஆகிய எதிலிருந்தும் இங்கு வரலாம். முதுநிலையோடு நோயறி ஆய்வகத்தில் நுழையலாம். ஆய்வாளராக முனைவர் பட்டம் வேண்டும், அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். உதவித்தொகை இல்லாத முனைவர் இடத்தை எவ்வளவு பெயர்பெற்ற நிறுவனம் தந்தாலும் ஏற்காதீர்கள். மருத்துவத்துக்கு வாங்கக் கூடாத கடனை இதற்கும் வாங்கக் கூடாது.

முதலில் அவள் விடுமுறையில் ஒரு நோயறி ஆய்வகத்தில் இரண்டு வாரம் உடனிருந்து பார்க்கட்டும். வளர்த்து நேசித்த உயிரினத்தை அறுத்துச் சிறுநீரகத்தைப் பிரித்தெடுக்கும் வேலை அது. அவளால் முடியவில்லை என்றால் இதையும் விட்டுவிடுவோம். அதன்பின் அவளோடு வாருங்கள், தமையனாரை அழைத்துவர வேண்டாம்.