எறும்புத்தின்னியை (அழுங்கு, பாங்கோலின்) பிடித்து விற்பவர்களைப் பற்றி ஒருவர் மட்டும் புகார் செய்வதால் ஏதாவது மாறுமா?

இப்படிக் கேட்டு எழுதிய நீங்கள் ஊரைக் குறிப்பிடவில்லை. ஆனால் பிடிப்பவர் உங்கள் உறவினர் என்றும், வாங்குகிறவர் மோட்டார் சைக்கிளில் வந்து போகிறார் என்றும், புகார் செய்தால் குடும்பத்தில் பகை வரும் என்றும் எழுதியிருப்பதைப் பார்க்கும்போது, மலேசியாவின் கெடாவிலோ பேராக்கிலோ ஒரு செம்பனைத் தோட்டத்தோடு தொடர்புள்ளவர் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படி இல்லையென்றாலும் பின்வருவதில் பெரும்பகுதி உங்களுக்குப் பொருந்தும். கேள்விக்கு என் பதில், மாறும் என்பதே. அதற்கான காரணத்தை என் வேலையிலிருந்தும் என் சொந்தக் குடும்பத்திலிருந்தும் சொல்கிறேன்.

நான் விலங்கியல் படித்தவன் அல்லன். எந்த இயக்கத்திலும் உறுப்பினன் அல்லன். நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, இப்போது பட்டர்வொர்த்தில் சரக்குகளுக்கான சுங்கப் படிவங்களைத் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் எழுத்தராக இருக்கிறேன். "உனக்கு என்ன தகுதி இருக்கிறது?" என்று பின்னூட்டத்தில் கேட்க நினைப்பவர்களுக்காக இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கடத்தலைத் துறைமுகத்தில் பிடித்துவிடலாம் என்றே பலரும் நினைக்கிறார்கள். 2019 ஏப்ரலில் சிங்கப்பூரில் சில நாள் இடைவெளியில் இரண்டு கொள்கலன்கள் பிடிபட்டன. முதலாவதில் 12.9 டன், இரண்டாவதில் 12.7 டன், இரண்டிலும், மரபு மருந்துகளுக்காகக் கடத்தப்படும் எறும்புத்தின்னிச் செதில்கள். இரண்டும் நைஜீரியாவிலிருந்து வியட்நாமுக்குப் போய்க்கொண்டிருந்தவை. முதலாவதன் தாள்களில் உறையவைத்த மாட்டிறைச்சி என்று எழுதியிருந்தது. 2020 மார்ச் இறுதியில் நம் கிள்ளான் துறைமுகத்தில் முந்திரிக்கொட்டைச் சரக்கோடு 6 டன்னுக்கு மேல் பிடித்தார்கள். 2017இல் கோலாலம்பூர் விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில், கானாவிலிருந்தும் காங்கோவிலிருந்தும் வந்த 700 கிலோவுக்கு மேற்பட்ட செதில்கள் சிக்கின. என்னைப் போன்ற எழுத்தர் ஒருவர், அனுப்புகிறவர் கொடுக்கும் விவரத்தைத்தான் படிவத்தில் ஏற்றுகிறார். பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை, திறக்க அவருக்கு உரிமையும் இல்லை. வந்துபோகும் கொள்கலன் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க உலகில் எந்தத் துறைமுகத்தாலும் முடியாது. தகவலும் சந்தேகமும் அலகிடு கருவியும் (ஸ்கேனர்) ஒன்றாகக் கைகொடுக்கும்போதுதான் ஒரு பெட்டி சிக்குகிறது. சிங்கப்பூரில் சிக்கிய அந்த இரண்டு பெட்டிகளிலும் இருந்த செதில்கள் ஏறக்குறைய 38,000 விலங்குகளுடையவை என்று கணக்கிட்டார்கள். செய்தித்தாள் அதை மாபெரும் வெற்றி என்றது. அதிகாரிகளின் உழைப்பை நானும் மதிக்கிறேன். ஆனால் பெட்டி திறக்கப்பட்டபோது காப்பாற்றுவதற்கு அதில் ஓர் உயிர்கூட இல்லை.

என்னை இதைவிட அதிகம் கலங்கவைத்தது போர்னியோத் தீவிலுள்ள நம் சபா மாநிலத்தில் கிடைத்த கணக்குப் புத்தகங்கள். 2009இல் அங்கே நடந்த ஒரு சோதனையில், கடத்தல் கும்பல் ஒன்று எழுதிவைத்திருந்த பதிவேடுகள் அதிகாரிகளின் கைக்கு வந்தன. வனவிலங்கு வாணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு அவற்றை ஆராய்ந்து, 2007 மே முதல் 2009 ஜனவரி வரை அந்த ஒரு கும்பலிடம் மட்டும் சுமார் 22,200 எறும்புத்தின்னிகள் வந்து சேர்ந்திருந்ததை 2010இல் வெளியிட்டது. நாள் முழுதும் வரவும் எடையும் எழுதிப் பிழைக்கிறவன் நான். 22,200 என்ற வரவு எப்படிச் சேரும் என்பது எனக்குத் தெரியும். எங்கோ ஒரு தோட்டத்திலோ காட்டோரத்திலோ யாரோ ஒருவர் குனிந்து ஒன்றை எடுத்து இன்னொருவர் கையில் கொடுத்தது, அத்தனை முறை நடந்திருக்கிறது. பத்தாண்டு கழித்து, 2019 பிப்ரவரியில், அதே சபாவின் தலைநகரான கோத்தா கினாபாலுப் பகுதியில் ஒரு தொழிற்கூடத்திலும் கிடங்கிலும் சுமார் 30 டன் இறைச்சியும் உறுப்புகளும் பிடிபட்டன. அங்கே உயிரோடு இருந்தவை 61.

ஆகவே, மீட்கக்கூடிய ஒரே கட்டம் அந்த முதல் கைமாற்றம்தான் என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன். அந்தக் கட்டத்தில் விலங்கு உயிரோடு இருக்கிறது, அதைப் பிடித்தவருக்குப் பெயரும் வீடும் இருக்கின்றன, அவரிடம் பேசக்கூடிய உறவினர் ஒருவர் இருக்கிறார். உங்கள் கேள்வியில் அந்த உறவினர் நீங்கள்.

இனி என் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 2023இன் மழைக்காலம். என் சித்தப்பா கூலிம் பக்கம் ஒரு தோட்டத்தில் குலை வெட்டுகிறார். ஒரு நாள் காலை, வரிசைகளுக்கிடையே அடுக்கியிருந்த பழைய மட்டைகளுக்குள் ஓர் எறும்புத்தின்னி தூங்கிக்கொண்டிருப்பதைக் கண்டிருக்கிறார். இரவில் எறும்பும் கரையானும் தேடிப் பகலில் உறங்கும் விலங்கு அது. தொட்டால் உருண்டையாகச் சுருண்டுவிடும். பற்களே இல்லாத அந்த விலங்குக்குத் தற்காப்பு அவ்வளவுதான். புலியும் எளிதில் பிரிக்க முடியாத அந்த உருண்டையைச் சாக்கில் போட்டுக்கொள்ள மனிதனுக்குத் துப்பாக்கியும் தேவையில்லை, வலையும் தேவையில்லை. வாழ்நாளில் வேட்டைக்கே போகாத என் சித்தப்பா ஒரே காலையில் கடத்தல் சங்கிலியின் தொடக்கத்தில் வந்து நின்றது இப்படித்தான்.

அவருடைய மகன் குடும்பத்து வாட்சாப் குழுவில் படம் போட்டான். "நல்ல விலை போகும்" என்று உறவினர் ஒருவர் எழுதினார். நான் உடனே அழைத்து, "சித்தப்பா, நான் வர்ற வரைக்கும் யார்கிட்டயும் கொடுத்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு, அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். வீட்டு அஞ்சடியில் (முன்தாழ்வாரத்தில்) நிழலில் சாக்கு கிடந்தது. வாங்குகிறவன் மாலையில் வருவதாகச் சொல்லியிருந்தான்.

சித்தப்பாவின் வாதத்தை அவர் சொன்னபடியே எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் உறவினரும் இதையேதான் சொல்லப்போகிறார். "மழையில வேலையே சரியா இல்லப்பா. சின்னவளுக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டணும். நான் என்ன யானையவா சுட்டேன்? இந்தத் தெங்கிலிங்க நான் விக்கலன்னா பக்கத்து லயத்துக்காரன் பிடிச்சு விக்கத்தான் போறான்." தெங்கிலிங் என்பது எறும்புத்தின்னியின் மலாய்ப் பெயர்; லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்.

நான் முதலில் சட்டத்தைச் சொன்னேன். தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி எறும்புத்தின்னி முழுப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு என்றும், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அச்சட்டத்தின் அதிகபட்சத் தண்டனை பத்து இலட்சம் வெள்ளி (ரிங்கிட்) அபராதமும் 15 ஆண்டுச் சிறையும் வரை போகும் என்றும் விளக்கினேன். அவர் பயந்தார். ஆனால் அந்தப் பயம் அவரை நான் நினைத்த பக்கம் திருப்பவில்லை. "அப்போ யாருக்கும் தெரியறதுக்கு முன்னாடி சீக்கிரம் அனுப்பிடுவோம்" என்றார். இதைக் கவனத்தில் வையுங்கள். சட்டத்தை மட்டும் சொல்லி மிரட்டினால் விற்பனை நிற்காது, விரைவுபடும்.

பிறகு நான் கேட்டேன்: "அந்த ஆளோட பேரு என்ன சித்தப்பா?" அவருக்குத் தெரியவில்லை. ஒரு தொலைபேசி எண்ணும் ஒரு தலைக்கவசமும்தான் அவருக்குத் தெரியும். "அவனுக்கு உங்க பேரு தெரியும், வீடு தெரியும், வேலை செய்யுற தோட்டம் தெரியும். நாளைக்கு அவன் மாட்டினா உங்க பேரைச் சொல்லுவான். நீங்க மாட்டினா யார் பேரைச் சொல்லுவீங்க?" அவர் நெடுநேரம் பேசவில்லை. உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்த சித்திதான், "தம்பி சொல்றது சரிதான். போன் பண்ணச் சொல்லுங்க" என்றார்.

பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையை அழைத்தேன். எதுவும் ஊட்ட வேண்டாம், இருட்டான குளிர்ந்த இடத்தில் வைத்து நாய்கள் நெருங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வாங்குகிறவன் அந்தி நேரத்தில் வந்து, என் காரைப் பார்த்துவிட்டு நிற்காமல் திரும்பினான். வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டேன். இரவில் அதிகாரிகள் கூண்டோடு வந்து விலங்கை எடுத்துச் சென்றார்கள். சித்தப்பா தாமே ஒப்படைத்ததை எழுதிக்கொண்டார்கள். அவரைக் கைது செய்யவில்லை. எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்று நான் உறுதி சொல்லவில்லை. நான் வழக்கறிஞன் அல்லன். ஒப்படைப்பதற்கும் விற்கும்போது பிடிபடுவதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை மட்டும் நேரில் பார்த்தேன்.

அந்த மாதப் பள்ளிப் பணத்தை நான் கட்டினேன். "பணம் கொடுத்துத்தானே சம்மதிக்க வைத்தாய்?" என்று சிலர் கேட்டார்கள். பணப் பேச்சு வந்தது மறுநாள். முடிவு அதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் ஒரு குலைவெட்டியிடம் விற்காதே என்று சொல்கிறவர் அவருடைய அடுப்பைப் பற்றியும் கேட்காமல் போவது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. வெட்டிய எடைக்கேற்பக் கூலி பெறுகிற ஒருவருக்கு மழை பெய்தால் வரவு குறையும். தரகன் தோட்டத்துக்குள் நுழைய அந்த வாரங்களைத்தான் தேர்ந்தெடுக்கிறான். ஒவ்வொரு கைதுச் செய்தியிலும் தரையில் குந்தியிருக்கும் தொழிலாளியின் படம் வருகிறது. அவருக்குப் பணம் கொடுத்தவரின் படமோ, கொள்கலனுக்குக் கட்டணம் செலுத்தியவரின் பெயரோ வருவது அரிது. இது என்னை நெடுங்காலமாக உறுத்துகிறது. அதனால்தான் அந்த வண்டி எண்ணை விலங்குக்கு இணையான முக்கியத்துவத்தோடு அதிகாரிகளிடம் கொடுத்தேன்.

குடும்பப் பகையைப் பற்றி நீங்கள் பயப்படுவது உண்மையான பயம். என்னைக் "காட்டிக்கொடுத்தவன்" என்று சொன்னவர்கள் உண்டு. சித்தப்பாவின் மகன் என்னோடு பல மாதம் பேசவில்லை. ஆனால் சித்தப்பா, பேர் தெரியாத ஆளுக்கு எதையும் விற்காதீர்கள் என்று லயத்தில் மற்றவர்களிடம் தாமாகவே சொல்லத் தொடங்கினார். அந்த மோட்டார் சைக்கிள் அங்கே வருவது நின்றது. அவன் வேறு தோட்டத்துக்குப் போயிருக்கக்கூடும், அதையும் மறைக்கவில்லை. ஒருவர் செய்வதால் என்ன மாறும் என்று கேட்டீர்கள். ஒரு லயம் மாறியது.

"இதெல்லாம் சீனர்களின் பிரச்சினை, நமக்கென்ன?" என்று கேட்பவர்களுக்கும் ஒரு சொல். செதிலுக்கான பெருந்தேவை சீனாவிலும் வியட்நாமிலும் இருப்பது உண்மை. ஆனால் சீனாவே 2020இல் இந்த விலங்கை முதல்தரப் பாதுகாப்புக்கு உயர்த்தி, தன் அதிகாரப்பூர்வ மருந்துநூலின் மூலப்பொருள் பட்டியலிலிருந்து செதிலை நீக்கியது. செதில் சேர்ந்த சில தயாரிப்பு மருந்துகள் அந்நூலில் எஞ்சியிருந்தன என்பதால் வேலை முடிந்துவிடவில்லை. நம் பக்கமும் சுத்தமில்லை. குழந்தையின் அரைஞாணில் கட்ட ஒரு செதில் கிடைக்குமா என்று என்னிடமே கேட்ட உறவினர் இருக்கிறார். நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே கெரட்டினால் ஆனதுதான் செதில். அதில் காத்துக் கருப்பை விரட்டும் ஆற்றலும் இல்லை, பால் சுரக்கவைக்கும் ஆற்றலும் இல்லை.

நம் காடுகளில் வாழும் சுண்டா எறும்புத்தின்னி 2014 முதல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (IUCN) சிவப்புப் பட்டியலில் மிக அருகிய இனமாக உள்ளது. பொதுவாக ஓர் ஈற்றில் ஒரே குட்டி. எட்டு வகை எறும்புத்தின்னிகளின் பன்னாட்டு வாணிகத்தையும் தடைசெய்யும் முடிவு 2016இல், அருகிய உயிரினங்களின் வாணிகம் பற்றிய சைட்டிஸ் (CITES) உடன்படிக்கையின் ஜொகன்னஸ்பர்க் மாநாட்டில் எடுக்கப்பட்டு, 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வளர்த்து விற்கலாமே என்று கேட்பவர்கள், கூண்டில் உணவு ஒத்துக்கொள்ளாமலும் மன அழுத்தத்தாலும் இவை எளிதில் இறந்துவிடுவதை அறிந்துகொள்ளட்டும்.

உங்களுக்கு: உறவினரிடம் முதலில் தனியாகப் பேசுங்கள், அவர் வீட்டுப் பெண்கள் கேட்கும்படி பேசுங்கள். விலங்கு இப்போது கையில் இருந்தால் பாலோ சோறோ ஊட்டாதீர்கள். சாக்கில் கட்டிவைக்காமல், காற்றோட்டமுள்ள மூடிய பெட்டிக்கு மாற்றி, உடனே பெர்ஹிலித்தானை அழையுங்கள். "நானே காட்டில் விட்டுவிடுகிறேன்" என்று வருகிற எவரிடமும் கொடுக்காதீர்கள். இடம் தெரியும்படி படம் போடாதீர்கள். குழுவில் ஏற்கெனவே போட்டிருந்தால் நீக்கச் சொல்லுங்கள். தரகனோடு நேரில் மோதாதீர்கள். அவன் எண்ணிலிருந்து வந்த குறுஞ்செய்திகள் உறவினரின் கைப்பேசியில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்; பயத்தில் அவர் அவற்றை அழிப்பதற்கு முன் படமெடுத்து, வண்டி எண்ணும் வந்துபோகும் நேரமும் சேர்த்து அதிகாரிகளிடம் கொடுங்கள்.