சேமக்காலை கைமாறியது, அப்பா கட்டிய பணம் என்னாகும்?

கேள்வி: நாங்கள் ரொறன்ரோவில் இருக்கிறோம். அப்பா 2014இல் தனக்கும் அம்மாவுக்கும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழிகள் வாங்கி, குழி வெட்டி மூடும் செலவையும் முழுதாகக் கட்டினார். அவரை அங்கேதான் அடக்கம் செய்தோம். இப்போது அந்தச் சேமக்காலையை வேறொரு நிறுவனம் வாங்கியிருக்கிறது. அம்மாவுக்காகப் புது ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு மேலும் 1,800 டொலர் கட்டச் சொல்கிறார்கள். கட்டத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்குக் கட்டவும் வேண்டாம், கையெழுத்துப் போடவும் வேண்டாம். உரிமையாளர் மாறியதால் மட்டும் அப்பாவின் பக்கத்து இடம் பறிபோகாது. இதை முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், பாவம், அவர்தான் கலங்கிப் போயிருப்பார்.

அப்பா வாங்கியது மண்ணை அல்ல, அங்கே அடக்கம் செய்யும் உரிமையை. சேமக்காலையை வாங்குகிறவர் ஏற்கனவே விற்ற உரிமைகளோடு சேர்த்துத்தான் அதை வாங்குகிறார். குழி வெட்டும் செலவுக்கும் அப்படித்தான். ஒன்ராறியோவில் 2012 ஜூலை 1 முதல் எழுதிய முன்பண ஒப்பந்தங்களில், முழுப் பணமும் கட்டியிருந்தால், அதில் உள்ள சேவைக்கு விலை ஏறிவிட்டது என்று கூடுதலாகக் கேட்க முடியாது. அந்த முன்பணத்தைப் பொறுப்புக் கணக்கில் (trust account) தனியாக வைத்திருக்க வேண்டும் என்பதும் சட்டம். ஒப்பந்தத்தில் இல்லாத கல், சனிக்கிழமைக் கட்டணம் போன்றவற்றைக் கேட்டால் அது வேறு கதை. அந்த 1,800 டொலர் எதற்கு என்று விபரமாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

அப்புறம், தாள்களைத் தேடுங்கள். என்னிடம் வந்த ஒரு அம்மாவின் உரிமைச் சான்றிதழ் அவருடைய வேதாகமத்துக்குள், சங்கீதப் பக்கத்தில் நாலாக மடித்து இருந்தது. அந்த ஒற்றைத் தாளைக் காட்டியதும் அலுவலகத்தில் பேச்சே மாறிவிட்டது. ஒப்பந்தம், ரசீது, சான்றிதழ் மூன்றும் வேண்டும். சான்றிதழில் அம்மாவின் பெயரும் இருக்கிறதா பாருங்கள். அப்பா பெயர் மட்டும் இருந்தால், அவருடைய உயிலையோ வாரிசுப் பத்திரத்தையோ காட்டிப் பெயரை இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். துக்க வீட்டில் அந்த அலைச்சல் வேண்டாம்.

ஒருவேளை ஏற்கனவே கையெழுத்துப் போட்டிருந்தால், 30 நாளுக்குள் எழுத்தில் ரத்துச் செய்து முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம்.

நிறுவனத்துக்கு எழுத்தில் பதில் கொடுங்கள், தொலைபேசியில் பேசி விடாதீர்கள். அவர்கள் பிடிவாதம் பிடித்தால், சேமக்காலைகளுக்கு உரிமம் தரும் Bereavement Authority of Ontario (BAO) என்ற அமைப்பிடம் தாள்களின் நகலோடு முறையிடுங்கள்.